நான்கு தொங்கல் உள்ள லயம்

லண்டனில் எனக்குச் சோறு போடுவது சுவர். அதிலும் இரண்டு வீடுகளுக்கு நடுவே நிற்கிற ஒற்றைச் சுவர். அந்த ஊரில் தெருத்தெருவாக வீடுகள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்த வீட்டுக்காரர் சுவரில் அலுமாரி பொருத்த ஆணி அடித்தால் அந்த வீட்டில் கல்யாணப்படம் விழும். உடனே இருவரும் வழக்கறிஞரைத் தேடுவார்கள். நடுவில் நான் போய், இரண்டு பக்கமும் வெடிப்பைப் படம் பிடித்து, யார் சுவரை எவ்வளவு தொடலாம் என்று எழுதிக் கொடுப்பேன். இத்தனை வருடத்தில் சுவர்கள்மீது எனக்கு மரியாதையும் அயலவர்கள்மீது சந்தேகமும் நன்றாக வளர்ந்துவிட்டன.

இப்படிப்பட்டவளைத்தான் லண்டனிலுள்ள ஒரு தமிழ் மரபுரிமைச் சங்கம் வன்னிக்கு அனுப்பியது. சங்கத்தின் தலைவர் ஓய்வுபெற்ற கணக்காளர். கிளிநொச்சிக்குக் கிழக்கே அவருடைய தகப்பனாருக்கு ஒரு பெரிய பண்ணை இருந்தது, நெல்லும் தென்னையும். மலைநாட்டுத் தோட்டங்களில் கலவரத்தில் அடிவாங்கி, உடுத்த துணியோடு வன்னிக்கு ஓடிவந்த குடும்பங்களைத் தகப்பனார் வேலைக்கு வைத்துக்கொண்டார். அவர்கள் படுப்பதற்கு ஒரே கூரையின் கீழ் பத்து அறைகள் வரிசையாக வைத்து ஒரு லயம் கட்டுவித்தார். மலையில் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய அதே அச்சு. பிறகு பண்ணை அழிந்தது, போர் வந்தது, போரும் முடிந்தது. லயம் மட்டும் நிற்கிறது. ஆட்களும் அதற்குள் இருக்கிறார்கள்.

தலைவருக்கு வயதுபோன காலத்தில் அது மரபுரிமையாகத் தெரிந்துவிட்டது. பளபளக்கும் துண்டுப்பிரசுரம் ஒன்றில் 'காலனித்துவக் கட்டடக்கலையின் வன்னித் தொடர்ச்சி' என்று எழுதி, விருந்து வைத்து, கைதட்டு வாங்கி, கடைசியில் அறிக்கை எழுத என்னைப் பிடித்தார்.

"ஒரு கல்லும் அசையாமல் காப்பாத்த வேணும், தங்கச்சி. அதுக்கேத்த மாதிரி எழுதும்," என்றார்.

எங்கள் குடும்பத்திலும் வன்னியில் காணி வைத்திருந்தவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்து வீட்டில் கதிரையில் சாய்ந்துகொண்டு வன்னி அரிசியின் ருசியைப் பற்றி மணிக்கணக்காகக் கதைப்பார்கள். அந்த நெல்லை வெட்டியவர்கள் இரவில் எங்கே படுத்தார்கள் என்று ஒருவரும் கதைத்து நான் கேட்டதில்லை. நான் போகச் சம்மதித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வடக்கே போகிற ரயிலில் எனக்கு எதிரே நாகதீப விகாரை கும்பிடப் போகும் ஒரு சிங்களக் குடும்பம் இருந்தது. கொக்கிஸ் பலகாரம் நீட்டினார்கள், வாங்கிக் கடித்தேன். எங்கே பயணம் என்று அந்த அம்மா கேட்டார். என்னுடைய ஓட்டைச் சிங்களத்தில், தோட்டத் தொழிலாளர்களின் லயம் பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்துவிட்டார்.

"ஐயோ மகளே, ரயில் மாறி ஏறிவிட்டாயே! அதற்குப் பதுளை ரயிலில் அல்லவா போகவேண்டும்!"

கணவர் எழும்பி டிக்கட் பரிசோதகரைத் தேடிப் போனார். பெட்டியே கூடிவிட்டது. நான் எந்த நிலையத்தில் இறங்கி, எந்த பஸ் பிடித்து, எப்படி மலைக்குத் திரும்பலாம் என்று ஆளுக்கொரு வழி சொன்னார்கள். நான் சொன்ன விளக்கம் எடுபடவில்லை. லயம் என்றால் மலை, மலை என்றால் தேயிலை, தேயிலை என்றால் குளிர். கொளுத்துகிற வெயிலில் பனைமரத்துக்குப் பக்கத்தில் லயம் நிற்கும் என்று நம்புவதற்கு அங்கே ஆள் இல்லை. வவுனியா கழிந்தது, புளியங்குளம் கழிந்தது, வாதம் ஓயவில்லை. கிளிநொச்சியில் நான் இறங்கிய பிறகும் அந்த அம்மா யன்னலால் எட்டி, "கம்பளி கொண்டு வந்தாயா?" என்று கேட்டார்.

கிளிநொச்சியில் வியர்வை முதுகால் ஓடியது. சந்தைக்குப் பக்கத்துக் கடையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். லண்டனில் என் வீட்டுச் சொதி இந்த மஞ்சள் நிறத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டேன். வாளியோடு வந்து ஊற்றினார்கள்.

ஓட்டோக்காரத் தம்பிக்கு லயம் தெரிந்திருந்தது.

"அங்கை மலைநாட்டு ஆக்களெல்லோ அன்ரி இருக்கினம்?"

"அவை எப்ப இங்கை வந்தவை, தம்பி?"

"அது நான் பிறக்க எவ்வளவோ முந்தி."

"நீங்கள்?"

"நாங்கள் சண்டை முடிஞ்ச பிறகு யாழ்ப்பாணத்திலயிருந்து வந்து காணி எடுத்தனாங்கள்."

"அப்ப அவை உங்களுக்கு முந்தின ஊர் ஆக்கள்."

தம்பி கொஞ்ச நேரம் யோசித்தபடி ஓட்டினான். "ஓம் அன்ரி. எண்டாலும் மலைநாட்டு ஆக்கள்தானே," என்றான். லண்டனில் என்னிடம் எந்த ஊர் என்று கேட்பவர்களும் இப்படித்தான் யோசித்துவிட்டு இப்படித்தான் முடிப்பார்கள்.

வாய்க்கால் கரையில் முதல்நாள் பெய்த மழையின் சேறு. ஓட்டோ சாய்ந்து, பிறகு நன்றாகவே உட்கார்ந்துவிட்டது. கடைசியில் விதைநெல் ஏற்றிப் போன ஒரு உழவு இயந்திரத்தின் பெட்டியில், மூட்டைகளுக்கு மேலே நானும், எனக்கு மேலே என் அளவுக் கருவிப் பெட்டியுமாகப் போய்ச் சேர்ந்தேன்.

லயத்தைப் பார்த்ததும் முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. என் தெருவைக் கொண்டுவந்து குட்டையாக்கி, மாடியைக் கழற்றிவிட்டு, வன்னியில் வைத்த மாதிரி இருந்தது. ஒரே கூரை, ஒரே நீளம், வரிசையாகக் கதவுகள். முன்னால் இஸ்தோப்பு என்று அவர்கள் சொல்கிற ஒடுங்கிய விறாந்தை. அதற்குப் பின்னால் ஒரு காம்பரா; அதுதான் அறை, அதுதான் வீடு. பின்பக்கம் ஒரு அடுப்படி. போரில் கூரை போய்ச் சுவர்கள் மட்டும் நின்றனவாம். முகாமிலிருந்து திரும்பிவந்து நிவாரணத் தகரம் போட்டிருக்கிறார்கள். அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் தலைக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடுகிறது. அதற்கு மேலே கூரைவரை வெறும் வெளி. ஒரு அடுப்பு மூட்டினால் பத்து வீடு இருமும்.

ஐந்தாம் காம்பராவில் இருந்த விஜயா என்னைக் கூப்பிட்டு இருத்தினாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். வன்னியில் பிறந்து வன்னித் தமிழ் பேசுகிறவள். கோபம் வந்தால் மட்டும் தாய் தகப்பனின் மலைநாட்டுத் தமிழுக்குத் தாவிவிடுவாள். தடித்த கோதுமை ரொட்டியும் இடிச்ச சம்பலும் தந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. உறைப்பா புகையா என்று தெரியவில்லை.

"அக்கா, லண்டனில உங்கட வீடு எப்பிடி? தனி வீடோ?"

"இல்லை விஜயா. இதே மாதிரித்தான். வரிசையா ஒட்டின வீடு. எங்களுக்கும் யன்னல் மாத்திறதெண்டாலும் கேட்டுத்தான் மாத்தவேணும். பழைய கட்டடமாம்."

அவள் கை ரொட்டியில் நின்றது. "அப்ப லயம்?"

"ஓம், லயம்தான்."

"தொங்கலோ? நடுவோ?"

வரிசையின் இரண்டு முனைகளிலும் இருப்பதுதான் தொங்கல் காம்பரா. ஒரு பக்கம் மட்டும்தான் அயல். மறுபக்கம் காற்று வரும், கோழிக்கூடு போடலாம், சுவரில் யன்னல் வெட்டலாம். மலையிலும் சரி, இங்கேயும் சரி, லயத்தில் பிறந்தவர்களின் கனவு அது. லண்டனிலும் அப்படித்தான். முனை வீட்டுக்காரர் என்னைவிட ஒரு படி மேலே என்று தெரு முழுவதும் நம்புகிறது, அவரும் நம்புகிறார்.

"நடு," என்றேன்.

இஸ்தோப்பில் காது கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் 'ச்சு' என்றார்கள். என் அந்தஸ்து அந்த இடத்திலேயே சரிந்துவிட்டது. விஜயா மட்டும் ஆறுதலாக இன்னொரு ரொட்டி வைத்தாள்.

அன்று பின்னேரம் அளவு நாடாவோடு மேற்குத் தொங்கலுக்குப் போனேன். அங்கே மாரியப்பன் இருந்தார். மலையில் பிறந்து, கொழுந்துக்கூடை தூக்கிய தாயோடு சிறுவயதில் ஓடிவந்தவர். இப்போது எழுபதைத் தாண்டியவர், தனி ஆள். லயத்தில் அவரிடம் மட்டும்தான் பக்கச் சுவரில் யன்னல் இருந்தது. பச்சை நிறம் அடித்த மரச்சட்டம். பக்கத்தில் கதிரை போட்டு, காவல்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதானாம்மா லண்டன்ல நடுக்காம்பராவுல இருக்கிறவுங்க?" என்றார். செய்தி என் நாடாவைவிட வேகமாக வந்திருந்தது.

"ஓம் ஐயா."

"அவ்வளவு தூரம் போயும் ஒரு தொங்க காம்பரா கெடைக்கலையா?"

யன்னலை அளக்கலாமா என்று கேட்டேன். அளக்கலாம், தொடக்கூடாது என்றார். அளக்கும்போது அவரே கதை சொன்னார். அவரும் மனைவி மல்லிகாவும் ஏழாம் காம்பராவில் இருந்தவர்கள். மல்லிகாவுக்கு மூச்சிழுப்பு. நாலு பக்க அடுப்புப் புகையும் அந்த நடுவில்தான் வந்து தங்கும். ஒரு யன்னல் இருந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாளாம். தொங்கல் காலியாவதற்கு அவர் கால் நூற்றாண்டு காத்திருந்தார். இருந்தவர் இந்தியாவுக்குப் போனபோது காம்பரா கிடைத்தது. மல்லிகா அதற்கு முந்தைய மாரியிலேயே போய்விட்டாள்.

"வந்த அன்னைக்கே சுவத்தை ஒடைச்சு யன்னல் வச்சேன்," என்றார். "யாருக்கு வச்சேன்னு கேக்காதீங்க."

நான் கேட்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதுவும் சங்கடமாக இருந்தது, ஏனென்றால் அடுத்த நாள் அவருக்கு எதிர்ப்பக்கம் நான் நிற்கவேண்டி வந்தது.

அடுத்த நாள் காலையில் விஜயா என்னைத் தெருவுக்கு மறுபக்கம் கூட்டிப்போனாள். வீட்டுத்திட்டத்தில் லயத்து ஆட்களுக்கு அங்கே காணித்துண்டுகள் பிரித்திருந்தார்கள். முதல் வீடு அவளுடையது. தனி வீடு, நாலு பக்கமும் வெளி, ஒவ்வொரு சுவரிலும் யன்னல். சுவர் மேல்மட்டம் வரை எழும்பி நின்றது. கூரை மட்டும் இல்லை. உள்ளே புல் முளைத்திருந்தது.

"ஏன் நிப்பாட்டி வைச்சிருக்கிறீர்?"

"பழைய வீட்டை இடிச்சுக் காட்டினால்தான் ஓடும் மரமும் இறக்குவினமாம், அக்கா. ஒரு ஆளுக்கு ரெண்டு வீடு இருக்கக்கூடாதாம்."

"இடிக்க வேண்டியதுதானே?"

விஜயா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "நடுக்காம்பராவை எப்பிடி அக்கா தனிய இடிக்கிறது? அந்தப் பக்கம் சந்திரன் அண்ணை, இந்தப் பக்கம் புஷ்பக்கா. ரெண்டு பேருக்கும் இன்னும் வீடு வரேல்லை. என்ரை சுவரைத் தட்டினால் அவையின்ர கூரை விழும். அதோட உங்கட தலைவர் லண்டனிலயிருந்து கடிதம் போட்டிருக்கிறார், ஒரு கல்லையும் தொடக்கூடாதெண்டு. காணி இன்னும் அவர் குடும்பத்தின்ரதானே. வீட்டுத்திட்ட ஒபிசில சொல்லுறாங்கள், காணிக்காரரும் அயலும் ஓமெண்டு சொன்னால் வாங்கோ எண்டு."

அவளுடைய மகள் முதல் பிள்ளைப்பேறுக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மாதம் நிறைந்துவிட்டது. அந்தப் புகைக்குள் இருமிக்கொண்டு படுத்திருந்தாள். மாரி மழையும் எப்போது கொட்டும் என்று வானம் கறுத்து நின்றது.

"என்ரை பேரப்பிள்ளையை நான் லயத்துக்குக் கொண்டுவர மாட்டன், அக்கா," என்றாள் விஜயா. "நான் அங்கைதான் பிறந்தனான். என்ரை பிள்ளையும் அங்கைதான் பிறந்தது. காணும்."

எனக்கு முகம் சுட்டது. ஒரு கல்லும் அசையக்கூடாது என்ற கடிதத்துக்குக் கட்டடக்கலைச் சாட்சி சொல்லத்தான் நான் விதைநெல் மூட்டைமேல் ஏறி வந்திருக்கிறேன். என் கைப்பையில் அந்தத் துண்டுப்பிரசுரம் வேறு இருந்தது. அதன் அட்டையில் போட்டிருந்த படம் விஜயாவின் கதவு.

ஆனால் சுவர்ச் சண்டை என்றால் அது என் தொழில். மற்ற எதில் நான் உதவாவிட்டாலும் அதில் உதவுவேன். திரும்பிப்போய்க் கூரைக் கைமரங்களைப் பார்த்தேன். சுவரில் தட்டினேன். சந்திரன் வீட்டுக் கட்டிலில் ஏறி நின்று கூரைத் தகரம் எங்கே பொருந்துகிறது என்று பார்த்தேன். புஷ்பத்தின் அடுப்படியில் கரி அப்பிக்கொண்டு வந்தேன். வழி இருந்தது. லண்டனில் குண்டு விழுந்து நடுவீடு போன தெருக்களில் செய்திருப்பது போலத்தான். இரண்டு பக்கக் கூரையையும் கம்பம் கொடுத்துத் தாங்கவேண்டும். விஜயாவின் காம்பராவின் முன்சுவரையும் பின்சுவரையும் கழற்றி, அந்தக் கல்லையே கொண்டு இரண்டு பக்கச் சுவரையும் கூரைவரை உயர்த்திக் கட்டிவிடவேண்டும். நடுவில் ஒரு இடைவெளி விழும். மற்ற ஒன்றும் விழாது.

அன்று பின்னேரம் இஸ்தோப்பில் எல்லாரையும் கூட்டி, கடதாசியில் கீறிக் காட்டினேன். சந்திரன் வாய்க்கால் வேலைக்குப் போகிறவன், கொஞ்சம் முரடன். கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஏலாது. மழை என்ரை சுவருக்குத்தான் அடிக்கும்."

"மேல்வரை கட்டி, வெளியால சீமெந்து பூசிவிட்டால் அடிக்காது," என்றேன். "உங்களுக்குப் புகையும் வராது. அயல்வீட்டுச் சண்டையும் கேக்காது."

"சண்டை கேக்காட்டில் பொழுது எப்பிடிப் போறது?" என்றாள் புஷ்பம். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் ஓம் என்று ஒருவரும் சொல்லவில்லை. விஜயா என்னைப் பார்த்தாள். நான் கடதாசியைப் பார்த்தேன். வேறு ஒன்றும் தோன்றாமல், நடுக் காம்பராவை ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டு வெட்டினேன்.

புஷ்பம் அதை எட்டிப் பார்த்தாள். தலையைச் சாய்த்தாள். கடதாசியைத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தா பாருங்கோ," என்றாள் மெதுவாக. "இவள் போனால் நான் தொங்கல்."

பிறகு சந்திரன் கட்டின கையை அவிழ்த்தான். "அப்ப நானும் தொங்கல்!"

அதற்குப் பிறகு நான் ஒன்றும் பேசவேண்டி இருக்கவில்லை. முரடன் சந்திரன் பின்பக்கம் போய் அலவாங்குக் கம்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். எப்போது இடிக்கிறது, ஏன் நாளைக்கு, இப்போதே தொடங்கினால் என்ன என்றான். புஷ்பம் கோழிக்கூட்டுக்கு அளவு கேட்டாள். ஒருமணி நேரத்துக்கு முன்னால் விஜயாவைப் பிடித்து வைத்திருந்தவர்கள் இப்போது அவளைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினார்கள்.

கத்தினது மாரியப்பன்தான்.

"என்னா வெளையாட்டா இருக்கு? ஒரு லயத்துக்கு ரெண்டு தொங்க. இந்தக் கோடி, அந்தக் கோடி. மலையில அப்பிடி, இங்கயும் அப்பிடி. நாலு தொங்க உள்ள லயத்தை எவனாச்சும் பாத்திருக்கானா?"

"மாமா, உங்களுக்கு என்ன நட்டம்?" என்றாள் விஜயா.

"நட்டமா? நான் காத்துக் கெடந்தேன். இவனுங்க ஒரு நாளு காத்திருந்தானுங்களா?" சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கதான் அம்மா மரபு மரபுன்னு எழுத வந்தவுங்க. இதை எழுதுங்க. அதுதான் மரபு."

துண்டுப்பிரசுரத்தை எழுதியவரைவிட அவர் மரபைத் தெளிவாகச் சொன்னார். ஆனாலும் எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் மல்லிகா கேட்ட யன்னலைத்தான் இந்தப் பிள்ளையும் கேட்கிறாள் என்று வாய்வரை வந்தது. வெளியே விடவில்லை. அவர் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு யன்னலடிக்குப் போய்விட்டார்.

அயல் ஓமென்றாகிவிட்டது. இனிக் காணிக்காரர். அன்றிரவே தலைவரை அழைத்தேன். அவர் முதலில் படங்களைப் பற்றித்தான் கதைத்தார்.

"நல்ல படங்கள், தங்கச்சி. ஆனால் அந்த டிவி டிஷ் எல்லாத்தையும் கழட்டச் சொல்லும். பிளாஸ்டிக் கதிரையளையும் எடும். அந்தக் காலத்து மாதிரி இருக்க வேணும்."

அந்தக் காலத்து மாதிரி என்றால் கூரை இல்லாமலா என்று கேட்க நினைத்தேன். அதைவிட்டு, நடுவில் ஒரு காம்பராவை எடுப்பது பற்றிச் சொன்னேன்.

"நடுவிலை ஓட்டையோ? பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்குமே!"

"அங்கிள், அப்பாவின்ர பெயர்ப்பலகையை எங்கை வைக்கிறதெண்டு யோசிச்சனீங்களோ?"

"முன்பக்கம்."

"முன்பக்கம் முழுக்கக் கதவும் உடுப்புக் கொடியும். நடுவிலை இடைவெளி விட்டால் ரெண்டு பக்கமும் வெறுஞ்சுவர் கிடைக்கும். ரோட்டால போற பஸ்சிலயிருந்தே வாசிக்கலாம்."

லண்டன் பக்கம் பேனை தேடும் சத்தம் கேட்டது.

"பலகை எவ்வளவு அகலம் போடலாம்?" என்றார்.

அடுத்த நாள் காலையில் அலுவலகத்துக்கு அவருடைய சம்மதம் வந்துவிட்டது. அதில் 'மரபுரிமை முற்றம்' என்ற சொல் இருந்ததாம். நான் சொன்னது அல்ல, அவராகவே கண்டுபிடித்தது.

இடிப்பு கல்யாணவீடு மாதிரி நடந்தது. சந்திரன் அலவாங்கு பிடித்தான். பெண்கள் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றினார்கள். நான் பெரிய அதிகாரிபோல் கம்பங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். ஒருவரும் என்னைக் கணக்கில் எடுக்கவில்லை. விஜயாவின் கணவன் குழைத்த சீமெந்தில் என் லண்டன் சப்பாத்து ஒன்று பதிந்து இன்னும் அங்கேதான் இருக்கிறது. மத்தியானத்துக்குப் பெரிய கிடாரத்தில் சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும். விஜயாவும் கணவனும் மகளும் அரைவீட்டின் மேல் தறப்பாள் கட்டிக்கொண்டு குடிபோனார்கள்.

பக்கச் சுவர் இரண்டும் கூரைவரை எழும்பின அன்று, பூச்சுக் காயமுன்பே உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். சந்திரன் யன்னல் வெட்டிக்கொண்டிருந்தான். எதிர்ச் சுவரில் புஷ்பம் ஏற்கனவே வெட்டி முடித்து, அதற்குள்ளால் தலையை நீட்டி என்னைப் பார்த்துச் சிரித்தாள். தலைவரின் தகப்பனாருக்காக நான் மனதில் குறித்து வைத்த இடங்கள் சரியாக அவை இரண்டும்தான். பலகை வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அலுவலகத்திலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இடைவெளியைப் படம் பிடித்துக்கொண்டு போனார். அதற்கடுத்த நாள் ஓடும் மரமும் வந்து இறங்கின. வானம் உறுமத் தொடங்கிவிட்டது. லயத்து ஆண்கள் எல்லாரும் கூரையில் ஏறிவிட்டார்கள். மாரியப்பன் மட்டும் வரவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம், பச்சை யன்னலுக்குள் அவருடைய தலை தெரிந்தது.

கடைசி ஓடு ஏறினபோது தூறல் தொடங்கியது. இறங்கி உள்ளே ஓடுவதற்குள் கொட்டிவிட்டது. எல்லாரும் விஜயாவின் வீட்டுக்குள் நெருக்கிக்கொண்டு நின்று அண்ணாந்து பார்த்தோம். ஒழுகவில்லை. ஒரு சொட்டும் இல்லை. விஜயா மகளை ஒரு மூலையில் கட்டிலில் இருத்தி, அவளுடைய வயிற்றில் கையை வைத்தபடி அழுதாள். அவள் அழ நானும் அழுதேன். என்னுடைய தொழிலில் இப்படி அழ வாய்ப்பே கிடைப்பதில்லை. லண்டனில் நான் தீர்ப்புச் சொன்னால் இரண்டு பக்கமும் என்னைத் திட்டும்.

அப்போதுதான் மாரியப்பன் வந்தார். தலையில் யூரியாச் சாக்கு. வாசலில் நின்று காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தார். ஒவ்வொரு யன்னலாகப் போய்த் திறந்து மூடிப் பார்த்தார். அடுப்படி யன்னலில் கையை வெளியே நீட்டி மழையைத் தொட்டார்.

"வர்ற வீடெல்லாம் இப்பிடித்தானா?" என்று கேட்டார்.

"ஓம் மாமா. நாலு பக்கமும் வெளி. எல்லாமே தொங்கல்தான்."

"எல்லாமே தொங்கன்னா, அப்பறம் எது தொங்க?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் உண்மையாகத்தான் கேட்டார்.

அவர் முன்யன்னலுக்கு வந்தார். அது தெருவைப் பார்த்தது. தெருவுக்கு அப்பால், மழைக்குள், லயம் முழுவதும் தெரிந்தது. ஒரு முனையில் அவருடைய பச்சை யன்னல், நடுவில் புது இடைவெளி, இடைவெளியின் இரண்டு பக்கமும் சந்திரனும் புஷ்பமும் வெட்டிய ஓட்டைகள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவ்வளவு வருடமும் அவர் அந்த லயத்துக்குள்ளிருந்துதான் வெளியே பார்த்திருக்கிறார். வேலைக்குப் போகும்போது முதுகைக் காட்டிப் போவார், திரும்பும்போது இருட்டியிருக்கும். வீட்டுக்குள் நின்று, யன்னல் வழியாக அதைப் பார்த்தது அன்றுதான்.

"சின்னதா இருக்கு," என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இதுக்குள்ளயாம்மா அவ இருந்தா?"

நான் தலையாட்டினேன். விஜயா எழும்பிப்போய் அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, தனக்கும் ஒரு வீட்டுக்குப் பெயர் பதியச் சொன்னார். காணித்துண்டுகளிலே கடைசித் துண்டு வேண்டுமாம், வேலியோரத்தில். அந்தப் பச்சை யன்னலையும் தானே கழற்றிக் கொண்டு வருவாராம்.

லண்டனுக்குத் திரும்பி ஒரு கிழமைக்குள் விஜயாவின் பேத்தியைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். ஓட்டுக்கூரையின் கீழ், கண்ணை மூடிக்கொண்டு, உலகமே தனக்கு என்பது போலக் கிடந்தாள்.

அறிக்கையையும் எழுதி முடித்தேன். பொருத்தப்பட்ட மரம், சுவரின் தடிப்பு, தகரத்தின் நிலை எல்லாம் வரிசையாக எழுதினேன். 'மரபுரிமைச் சிறப்பு' என்று தலைவர் தலைப்பிட்டு விட்டிருந்த இடத்தில் மட்டும் வெகுநேரம் பேனையை வைத்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் மாரியப்பன் சொன்னதையே எழுதினேன்: 'சின்னதாக இருக்கிறது.'

தலைவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வரியின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, சரியான அளவைக் குறிப்பிடும்படி கேட்டிருந்தார்.